புதினாவுக்குக் காசா?

புதினா பயிரிடுகிறவருக்குப் பூச்சி எதிரியில்லை, வெயில் எதிரியில்லை, பக்கத்து வீட்டு ஆடு கூட எதிரியில்லை. எதிரியின் பெயர் கொசுறு.

மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியாது. சொந்தமாக ஒரு தொழிலை ஆரம்பித்துவிட்டு, 'இப்ப என்னா பண்ற?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் நம்ம கட்சி. பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எனக்கு ரெட்டியார்பாளையம். பெயர் வசந்தி. துணிக்கடையில் பதினாறு வருஷம் நின்றுகொண்டே சேலை பிரித்துக் காட்டியதில் முழங்கால் போய்விட்டது. வேலையை விட்டேன். வீட்டுக்காரர் பெயர் சேகர். ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். எங்கள் மொட்டை மாடியில் ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் அங்கே தொட்டிகளையும் பழைய பிளாஸ்டிக் டப்புகளையும் வைத்துப் புதினா போட்டுவிட்டேன். சண்டை முற்றி, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

"பொங்கல் வரைக்கும் டைம் தரேன். மாசா மாசம் தவறாம உங்கிட்ட சரக்கு எடுக்குற ஒரே ஒரு ஆளக் காட்டு. காட்டலன்னா தை பொறந்ததும் கொத்தனார் வந்துடுவாரு" என்றார்.

நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக எனக்கென்று கிடைத்த இடம் அந்த மாடி. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால் கிளம்பினேன்.

பயிற்சி வகுப்பு

எல்லாவற்றுக்கும் காரணம் ஐந்து நாள் பயிற்சிதான். 'புதினா: பாரம்பரியப் பயன்களும் புதிய வணிக வாய்ப்புகளும்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். எங்கள் மகளிர் குழுவிலிருந்து பத்துப் பேர் போனோம். பயிற்சியாளர் வெளியூர்க்காரர். மே மாதத்தில் கோட்டு போட்டிருந்தார். முதல் நாள் முழுக்கப் பாரம்பரியப் பயன்கள். வயிற்றுப் பொருமலுக்குச் சாறு, வாந்திக்குத் துவையல், விக்கலுக்கு நாலு இலை, தலைவலிக்குப் பற்று. விவரம் தெரிந்த நாளாக நாங்கள் வீட்டில் செய்து வருவதை நாங்களே நோட்டில் எழுதிக்கொண்டோம். இரண்டாம் நாள் வணிகம். புதினா சோப்பு, புதினா பல்பொடி, புதினா ஊதுபத்தி, புதினா மெழுகுவத்தி. திரையில் ஒவ்வொரு படம் மாறும்போதும் எங்களில் ஒருத்தி பணக்காரி ஆனாள்.

கடைசி நாள் மதியம் பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டு முடித்து வாழ்த்திப் பேச எழுந்த பயிற்சியாளர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எல்லோரும் பதறிவிட்டோம். வெறும் வாயுதான். காலையில் அவர் சொல்லிக்கொடுத்தபடியே நாங்கள் தயாரித்த புதினாச் சாறு மேசை மேல் வரிசையாக இருந்தது. 'உடனடி செரிமானத்துக்கு' என்று லேபிள் வேறு ஒட்டியிருந்தோம். நான் ஓடிப் போய் ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் அதைக் கையால் ஒதுக்கினார்.

"அதெல்லாம் விக்கிறதுக்கும்மா. எனக்கு ஒரு கோலி சோடா சொல்லுங்க."

தக்காளிக்கு அடுத்த சாக்கு

பத்துப் பேரில் ஒன்பது பேர் சான்றிதழை ஃபிரேம் போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் மட்டும் முதலில் இலையாகவே விற்றுப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். தக்காளி விற்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, கழுவிக் கட்டிய புதினாவை அடுக்கினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. ஒரு அம்மா வந்தார். இரண்டு கிலோ தக்காளி எடுத்தார், பேரம் பேசினார், பணம் கொடுத்தார். பிறகு அப்படியே திரும்பி, என் சாக்கிலிருந்து ஒரு கட்டுப் புதினாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

நான் எழுந்து பின்னாலேயே போனேன். "அம்மா, அது தனிக் கடை. புதினாவுக்குக் காசு தரணும்" என்றேன். அவர் நின்றார். என்னைப் பார்த்தார். தக்காளிக்கார அம்மாவைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ பெரிய மோசடி நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"புதினாவுக்குக் காசா? அப்ப தக்காளிக்கு எதுக்குக் காசு குடுத்தேன்?"

டீ பாக்கெட்

பச்சையாக விற்றால்தானே கொசுறு என்று, நிழலில் காய வைத்துப் பாக்கெட்டில் அடைத்தேன். 'புதினா மூலிகை டீ. ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீர்' என்று எழுதி ஒட்டினேன். மாடிக் காற்றில் இலை பறந்ததால், காய வைக்கும் இடம் எங்கள் படுக்கையறை ஆனது. கட்டில் மேல் இலை, ஃபேனுக்குக் கீழே இலை, அவருடைய யூனிஃபார்ம் தொங்கும் கொடிக்கு அடியில் இலை. முதல் பாக்கெட்டை எதிர்வீட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்து, குடித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பத்து நாள் கழித்து அவளே தேடி வந்து இன்னும் இரண்டு பாக்கெட் கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சூப்பரு வசந்தி. அரிசி டின்னுல போட்டு வச்சேன், ஒரு வண்டு கூட வரல."

முஸ்யேவின் தேநீர்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு பெரியவர், மளிகைக் கடையில் நான் வைத்துவிட்டு வந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் அவரை முஸ்யே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். இஸ்திரி போட்ட சட்டை. பாக்கெட்டை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வட ஆப்பிரிக்காவில் இருந்தபோது தினமும் புதினா டீ குடித்தவராம். பச்சை இலைதான் வேண்டும், நிறையச் சர்க்கரை வேண்டும், முக்கியமாக ஓர் ஆள் உயரத்திலிருந்து டம்ளரில் ஊற்ற வேண்டும், மேலே நுரை நிற்க வேண்டும். "அப்படி ஒரு தடவ போட்டுக் குடு, அப்புறம் மாசா மாசம் உங்கிட்டதான்" என்றார். அவருடைய கூட்டாளிகளுக்கும் சேர்த்து வாங்குவதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பொங்கலே வந்துவிட்டது.

நான் முக்காலி மேல் ஏறி நின்று ஊற்றினேன். பாதி டம்ளரில் விழுந்தது, மீதி அவருடைய செருப்பில். "மெர்த்" என்று பிரெஞ்சில் திட்டினார். அதற்கு அர்த்தம் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். உயரத்திலிருந்து ஊற்ற நம் ஊரில் ஆளா இல்லை என்று, தெருமுனை டீக்கடை மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாஸ்டர் அற்புதமாக ஆற்றினார். தலைக்கு மேலே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. பெரியவர் கண் கலங்கி, கைதட்டி, டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். குடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். மாஸ்டர் பழக்க தோஷத்தில் பால் ஊற்றியிருந்தார். பெரியவர் இரண்டு மொழியில் கத்தினார். மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"பால் இல்லாம இவ்ளோ ஒசரத்துலேந்து ஊத்துனா அதுக்குப் பேரு டீ இல்ல முஸ்யே, அபிஷேகம்."

இரண்டு இலை

கடற்கரைப் பக்கம் பழைய மஞ்சள் சுவர் வீட்டில் ஒரு காபி ஹோட்டல். ஜூஸ் டம்ளருக்கு மேலே வைக்கப் புதினா வேண்டும் என்றார்கள். மேனேஜர் சின்னப் பையன்தான், ஆனால் கண்டிப்பு. எல்லா இலையும் ஒரே அளவு இருக்க வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது, ஒவ்வொரு கொழுந்திலும் சரியாக இரண்டு இலை இருக்க வேண்டும். போட்டோவில் நன்றாக விழ வேண்டுமாம். ஒரு வாரம் தையல் டேப்பை வைத்து இலை அளந்தேன். வீட்டுக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்து நான் இலைக்கு அளவு எடுப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே கீழே இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நாற்பது கொழுந்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். மேனேஜர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்திதான். அடுத்த வாரம் எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

"லீஃப் செமயா இருக்குக்கா. ஆனா யாரும் சாப்பிட மாட்டாங்க, போட்டோ எடுத்துட்டு ஓரமா வச்சுட்டுக் குடிப்பாங்க. கழுவிக் கழுவி வச்சுப்போம், நீங்க அடுத்த மாசம் வந்தாப் போதும்."

மீனுக்குப் புதினா

இலையை வடித்து எடுத்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, கொசு வராது என்று சொல்லி விற்றுப் பார்த்தேன். கொசுவுக்கு அந்த விஷயம் தெரியவில்லை. ஆனால் பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கூடையோடு வரும் அஞ்சலை அக்கா நாலு பாட்டில் வாங்கிப் போனார். பஸ்ஸில் மீன் நாற்றம் என்று கண்டக்டர் திட்டுகிறாராம், கூடை மேலே அடித்துக்கொள்ளப் போகிறேன் என்றார். நாலு நாள் கழித்து நாலு பாட்டிலையும் கொண்டு வந்து வாசலில் வைத்தார். கண்டக்டர் திட்டுவதை நிறுத்திவிட்டார், பக்கத்தில் உட்காரக் கூட இடம் கொடுத்தாராம். அப்புறம் ஏன் திருப்பித் தருகிறீர்கள் என்று கேட்டேன்.

"வாங்க வர்ற சனம் மோந்து பாத்துட்டுப் போய்டுதும்மா. மீனு பல்லு வெளக்கின மாரி இருக்குதாம்."

புண்ணியம்

கார்த்திகை பிறந்துவிட்டது. நிரந்தரமாக வாங்கும் ஆள் ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் மாடியில் நின்று, நடையால் அளந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் 'வாய் மணக்க' என்று ஒரு சின்னப் பொட்டலம் போட்டேன். காய்ந்த புதினா, சோம்பு, ஓமம், பொடித்த கற்கண்டு. கல்யாணப் பந்திக்கு வெளியே பீடாவுக்குப் பதிலாக வைக்கலாம் என்று என் எண்ணம். முதலில் விழுப்புரம் ரோட்டில் ஒரு பெட்டிக்கடையில் ஐம்பது பொட்டலம் தொங்கவிட்டேன். சனிக்கிழமை தொங்கவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. மறுபடி நூறு. அதுவும் தீர்ந்தது. என் தயாரிப்பின் தரம் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது. பெட்டிக்கடைக்குப் பக்கத்துக் கட்டடம் என்ன என்பதை அப்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நம் ஊர் விஷயம் உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமையானால் சென்னையிலிருந்து கார் காராக வருவார்கள். கடல் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள், பார்ப்பது விலை குறைந்த பாட்டிலை. ஞாயிறு மதியம் திரும்பும்போது, வீட்டில் மனைவி வாயை மோந்து பார்ப்பாளே என்ற கவலை. அந்தக் கவலைக்கு என் பொட்டலம் மருந்தாகியிருந்தது. உள்ளூர்க்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். பெட்டிக்கடைக்குப் பக்கத்துக் கட்டடம் ஒரு பார். மூன்றாவது வாரம் அந்த பார் முதலாளியே வீட்டுக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்ராட்சம். மாசா மாசம் எடுத்துக்கொள்கிறேன், கவுன்டரிலேயே வைக்கிறேன் என்றார். குடிகாரனுக்குத் துணை போகவா பயிற்சி எடுத்தேன் என்று எனக்குத் தோன்றியது. அதே நேரத்தில் மாடியும் கண்ணில் தெரிந்தது. நான் தயங்குவதைப் பார்த்து அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யோசிக்காதீங்கம்மா. நாம ரெண்டு பேரும் சேந்து எத்தன குடும்பத்தக் காப்பாத்தறோம்!"

மூக்கு

ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம், 'மாசா மாசம் எடுக்க ஒரு கடை கிடைச்சிருக்கு' என்று மட்டும் சொன்னேன். என்ன கடை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பெண்களின் மூக்கை நான் கணக்கில் எடுக்கவில்லை. முதல் வாரம் ஏமாந்தார்கள். இரண்டாவது வாரம் சந்தேகப்பட்டார்கள். மூன்றாவது வாரம் ரெட்டியார்பாளையம் முழுக்க ஒரே தீர்ப்பு: புதினா வாசனை வந்தால் ஆள் குடித்திருக்கிறான். இரண்டு தெரு தள்ளி ஒருத்தர் ஓட்டலில் தோசைக்குப் புதினா சட்னி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், வாசலிலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தார். பிரியாணிக் கடையில் 'புதினா இல்லாம ஒண்ணு' என்று ஆர்டர் வர ஆரம்பித்தது. புதினா பேஸ்ட்டில் பல் விளக்கிவிட்டு வந்த ஒரு வாத்தியார் கூடத் தப்பவில்லை.

பார் முதலாளி மிச்சப் பொட்டலங்களை ஆள் மூலம் திருப்பி அனுப்பிவிட்டார். அதைத் தின்றால்தான் அடி விழுகிறது என்று வாடிக்கையாளர்கள் தொடுவதில்லையாம். பொங்கலுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது என்னுடைய ஒரே நிரந்தர வாடிக்கை போய்விட்டது. ஸ்டெல்லாவிடம் சொல்லி அழலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், அவளும் என் மேல் கோபமாகத்தான் இருந்தாள்.

"முன்னல்லாம் வாசனைய வச்சே குவாட்டரா ஆஃபான்னு சொல்லிடுவேன். உன் புதினா வந்த பொறவு எதுவும் தெரில. என் ஆளு எவ்ளோ குடிக்கிறாருன்னு தெரியாம நான் எப்பிடி வசந்தி குடும்பம் நடத்தறது?"

கம்பெனி வாசல்

இதற்கு நடுவில் வீட்டுக்காரர் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. வேன் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றார். மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். கூட வேலை பார்க்கும் டிரைவர். "அண்ணி, அண்ணன் இப்பக் குடிக்கிறத விட்டுட்டாரா? சூப்பர்வைசர் கேக்கச் சொன்னாரு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரர் இருமல் மருந்து குடித்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கம்பெனி கேட்டில் அவரிடம் புதினா வாசனை அடித்ததாம். சட்டையில், தலையில், வாயில், எல்லா இடத்திலும். அடிக்காமல் என்ன செய்யும்? இலைக்கு நடுவில்தான் படுக்கிறார். விற்காமல் மிஞ்சியதைத்தான் மூன்று வேளையும் துவையலாகச் சாப்பிடுகிறார். வேன் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒரு கூடைப் புதினாவை வேரோடு பிடுங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே ஸ்கூட்டரை ஓட்டினார். கேட்டில் சூப்பர்வைசரும் செக்யூரிட்டியும் நின்றார்கள். "ஊதுற மெஷின்ல ஊதச் சொன்னீங்களா இல்லியா?" என்று கேட்டேன். ஊதியிருக்கிறார். பூஜ்ஜியம் வந்திருக்கிறது. சூப்பர்வைசர் நம்பவில்லை. "மெஷின் எங்கியோ செஞ்சதும்மா. மூக்கு என்னோடது" என்றார். அவருடைய பொண்டாட்டியும் ரெட்டியார்பாளையம்தானாம்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கு ஒரு பிடி புதினாவைத் திணித்து, "மென்னுங்க" என்றேன். நான் கத்திய கத்தலில் மென்றார்கள். சரியாக அந்த நேரத்தில் மேனேஜர் அம்மாவின் கார் உள்ளே நுழைந்தது. கண்ணாடியை இறக்கினார்கள். சூப்பர்வைசர் சல்யூட் அடித்து, "குட் மார்னிங் மேடம்" என்றார். வாசனை காருக்குள் போனது. மேனேஜர் அம்மா இறங்கி, சூப்பர்வைசரை ஊதச் சொன்னார். செக்யூரிட்டியையும் ஊதச் சொன்னார். மெஷின் பூஜ்ஜியம் காட்டியது. சூப்பர்வைசர், "மேடம், மெஷின நம்புங்க மேடம்" என்று அழாத குறையாகக் கெஞ்சினார். நான் என் கூடையைக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன். மேனேஜர் அம்மா கூடையிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு கேண்டீன்காரரைக் கூப்பிட்டார்.

"நாளைலேந்து எல்லாருக்கும் தெனம் புதினாத் தொகையல் போடுங்க, இந்தம்மாகிட்ட வாங்கிக்கங்க. எல்லார் மேலயும் வாசன அடிச்சா, அப்பவாவது மெஷினுக்கு மரியாத வரும்."

திரும்பும் வழியில்

வேன் சாவி கிடைத்தது. மாசா மாசம் எடுக்கும் ஆளும் கிடைத்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஒரு விஷயம் மனசை அரித்தது. மூன்று நாள். 'என் வீட்டுல புதினா காய வைக்கிறாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்குமே. ஏன் சொல்லவில்லை? இறங்கும்போது கேட்டேன். வீட்டுச் சாவியைப் பூட்டில் விட்டு விட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குடிச்சேன்னு சொன்னா ரெண்டு நாள் சிரிப்பானுங்க. பொண்டாட்டி மார்க்கெட்ல ஒக்காந்து தழை விக்கிறான்னு சொன்னா, ரிட்டயர்டு ஆவற வரைக்கும் சிரிப்பானுங்க."

கொத்தனார்

அதற்குப் பிறகு சோறு போட்டேன், பேசவில்லை. கேண்டீனுக்குத் தினமும் காலையில் இலை போனது. அவருடைய வேனில்தான் போனது, ஆனால் கூடையை ஏற்றும்போதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கேண்டீன் ஆர்டரை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்கிறாரா என்று கேட்கக் கூட எனக்குப் பிடிக்கவில்லை. புதினாக்காரி புருஷன் என்பதைவிடக் குடிகாரன் என்ற பெயர் அவருக்கு மேலாக இருந்திருக்கிறது. அதுவும் இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவர் சொன்னது.

போகிக்கு முதல் நாள் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். கொத்தனார் டேப்போடு நின்றுகொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் இருந்த என் புதினா முழுவதும் பிடுங்கிக் குவித்துக் கிடந்தது. நல்ல கொழுந்து விட்டிருந்த பக்கம் அதுதான். நான் வாயைத் திறந்தேன், கத்துவதற்குத்தான். அவர் என் பக்கம் திரும்பாமல் கொத்தனாரிடம், "ரூம் இல்லய்யா, ஷெட்டு. இலைய கழுவ ஒரு தொட்டி, காய வைக்க நாலு அடுக்கு, ஃபேன் மாட்ட ஒரு பாயின்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷெட் போட இடம் வேண்டுமே என்று புதினாவைப் பிடுங்கியிருக்கிறார். டப்பை நகர்த்தினால் போதும், புதினாவையே பிடுங்கிவிட்டால் ஷெட்டில் எதைக் காய வைப்பது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

கொத்தனாருக்கும் குழப்பம்தான். ரூம் என்று வரச் சொல்லிவிட்டு ஷெட் என்றால் அவருக்கு எவ்வளவு நஷ்டம். "சாருக்கு அப்பிடி என்னா பிசினஸ்?" என்று கேட்டார். எதிர்மாடியில் ஸ்டெல்லாவும் அவள் வீட்டுக்காரரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மாடியில் இரண்டு பேர். வீட்டுக்காரர் ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வேன் ஓட்டும்போது பின் சீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்லய்யா, நான் டிரைவர். பிசினஸ் அவங்களோடது. புதினா விக்கிறாங்க. மார்க்கெட்ல, சாக்கு விரிச்சு, தரையில ஒக்காந்து விக்கிறாங்க."

புதினா வளர ஒரு தண்டைக் கிள்ளி நட்டால் போதும். அதை விற்கத்தான் பாதி ஊர் குடிக்கவும், குடிக்காத ஒரே ஆள் மாட்டிக்கொள்ளவும் வேண்டியிருந்தது.